கதைக்கிற வரிசை

1

நோர்வேயில் நான் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிற பேர்கனில், தியேட்டருக்குள் கதைத்தால் ஒருவரும் ஏச மாட்டார்கள். திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஏசினாலாவது பதிலுக்கு ஏசலாம். இந்தப் பார்வைக்கு என்ன மறுமொழி சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பார்வை கிடைத்தது. மகள் ஆரணி என்னை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அவளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் கடலைப் பற்றிப் படிக்கிறாள். அம்மாவோடு வெளியே போவதென்பது அவளுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை வருகிற நல்ல எண்ணம். நான் அதைக் கெடுக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் படத்தில் ஒருத்தி தன் தொப்பியை மேசையில் மறந்துவிட்டு எழும்பிப் போகிறாள். எப்படிப் பொறுக்கிறது?

"அங்க பார், தொப்பியை விட்டுட்டுப் போறாள்" என்றேன். மெதுவாகத்தான்.

முன்வரிசை மனிதர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். ஒரு சொல் இல்லை. பிறகு தலையைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆரணி கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினாள்.

வெளியே வழமைபோல மழை. குடையை விரித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அம்மா, எல்லாருக்கும் கண் இருக்குத்தானே. ஏன் நீங்க சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் கண் இல்லை. என்னுடைய அக்காவுக்கு இல்லை. சீனி வருத்தம் மூன்று வருடத்துக்கு முன்னே அவள் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இனி வராது என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். அப்படி இருந்தும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக் காட்சிக்கு, அக்கா சேலை மாற்றி, பவுடர் போட்டு, திருகோணமலைத் துறைமுகத்தடித் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போகிறாள். "பார்க்க" என்றுதான் சொல்வாள். வேறு சொல் பாவித்தால் அவளுக்குக் கோபம் வரும்.

2

அந்தக் கிழமையே அக்கா போனில் பிடித்துவிட்டாள். சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை.

"வசந்தி, அந்தப் படம் போடப் போறாங்களாம்."

"எந்தப் படம்?"

"எந்தப் படமோ! தெரியாத மாதிரிக் கேளடி."

எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் "அந்தப் படம்" என்றால் ஒன்றுதான். நான் எட்டு வயதிலும் அக்கா பதினாலு வயதிலும் அதே தியேட்டரில் பார்த்தது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒருத்தி வீட்டுக்காக மாடாய் உழைக்கிறாள். கடைசியில் வீட்டிலே அவளுக்கு ஒரு மரியாதையும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலகைப் பாலத்தால் வள்ளத்துக்கு நடக்கிறாள். பின்னாலிருந்து தாய் கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் சண்டை.

அக்கா சொல்வாள், அவள் திரும்பினவள், தாயிடம் வந்தவள் என்று. நான் சொல்வேன், போய்விட்டாள் என்று. அன்றைக்கு வீடு வரைக்கும் றோட்டால் சண்டை பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் இரண்டு பேரும் சமமாக வாங்கினோம். நான் கடைசிக் காட்சியில் அவள் மடியில் நித்திரை என்பது அக்காவின் கட்சி. அவள் அழுதழுது கண் தெரியாமல் இருந்தாள் என்பது என் கட்சி. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நான் வெளிக்கிட்டு வந்தபோது எனக்கு முப்பது. நாட்டில் சண்டைக் காலம். அம்மா படுக்கையில். ஒருவர் நின்றால்தான் ஒருவர் போகலாம், அக்கா நின்றாள். கேற்றடியில் "போட்டு வாறன்" என்றேன். "திரும்பிப் பாராமல் போ" என்றாள். பயணம் போகிற ஆளுக்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற சொல்தானே. நான் திரும்பிப் பார்க்காமல் சந்தி வரைக்கும் நடந்து பஸ் ஏறினேன். பிறகு இந்த இருபத்தெட்டு வருடத்தில் மூன்று தரம் போய் வந்திருக்கிறேன். ஒருமுறை போனில் அக்கா, கதையோடு கதையாக, "சொன்னது ஒண்டும் கேளாத நீ, அண்டைக்கு மட்டும் கேட்டிட்டாய்" என்றாள். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் அந்தக் கதாநாயகி போனாளா வந்தாளா என்றுதான் சண்டை பிடித்தோம். படத்தைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இந்தக் காலத்தில் இப்படியொரு வழக்கை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம் என்று நினைப்பீர்கள். ஆரணி இணையம் முழுக்கத் துழாவிப் பார்த்தாள். படத்தின் ஒரு துண்டுகூட இல்லை. இப்போதுதான் யாரோ ஒருவருடைய பழைய அலுமாரிக்குள் தகரப் பெட்டிகளில் சுருள் கிடைத்து, தியேட்டர்ச் சங்கத்து ஆட்கள் கொழும்பில் கொடுத்துக் கழுவி எடுத்திருக்கிறார்கள். ஒரேயொரு காட்சி. சித்திரை இரண்டாவது சனிக்கிழமை.

"வா" என்றாள் அக்கா. "எனக்கு அந்தக் கடைசி தெரிய வேணும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா."

அக்கா இந்த இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இதுதான். கண் போனபோதுகூட வா என்று கேட்கவில்லை.

3

என்னுடைய கடவுச்சீட்டு நோர்வேக் கடவுச்சீட்டு. ஆகவே நான் பிறந்த ஊருக்குப் போக விசாப் படிவம் நிரப்ப வேண்டும். பிறந்த இடம், திருகோணமலை. பிரஜை, நோர்வே. குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். இங்கே ஆசுப்பத்திரி, வங்கி, வரிக் கந்தோர், நான் சமைக்கிற முதியோர் இல்லம், எங்கே போனாலும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாவம் அப்பா, ஐஸ்பெட்டிக்கு வெளியே ஐஸைப் பாராத மனிதர்.

அடுத்த கேள்வி, வருகையின் நோக்கம். சுற்றுலா, வியாபாரம், இடைத்தங்கல். அக்காவோடு படம் பார்க்க என்று ஒரு பெட்டி இல்லை. நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். ஆரணி எட்டி ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்க டூரிஸ்ட், அம்மா. யோசிக்க வேண்டாம்."

நல்ல பிள்ளை. யோசிக்காமல் இருக்க எனக்கு அவள்தான் சொல்லித் தரவேண்டும்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசியாகப் பத்து வயதில் வந்தவள். பெரியம்மாவோடு போனில் அவளுக்கு மூன்று வசனம். சுகமா இருக்கிறீங்களா, நான் நல்லா இருக்கிறன், அம்மாட்டக் குடுக்கிறன். தமிழ் விளங்கும். கதைக்கச் சொன்னால் முகம் சிவந்து போய்விடும். சின்னதில் தமிழ்ப் பள்ளியில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லி வகுப்பே சிரித்ததிலிருந்து அப்படி. ஆனால் படம் பழசு, சுருள் பெட்டிக்குள் கிடந்தது, ஒரே ஒரு காட்சி என்று கேட்டதும் அவள் கண் வேறு மாதிரி ஆனது. அந்த உசாரில் போனை வாங்கி, நாலாவது வசனம் ஒன்றைத் தானாகவே கட்டிச் சொன்னாள்.

"பெரியம்மா, நான் வந்து உங்களுக்குப் படம் காட்டுவன்!"

அங்கால அக்கா சிரித்த சிரிப்பு, போனுக்கு வெளியே கேட்டது. "காட்டு மோனை, காட்டு. உன்ர அம்மா இவ்வளவு காலமும் காட்டினது காணாதே?"

படம் காட்டுவதென்றால் எங்கள் பேச்சில் பகட்டுக் காட்டுவது, ஏய்க்கிறது என்று ஆரணிக்கு விளங்கப்படுத்தியபோது, காது வரைக்கும் சிவந்தாள். இனி வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். ரிக்கெற்றை ரத்துச் செய்யச் சொல்வாள் என்றுகூடப் பயந்தேன். சொல்லவில்லை.

4

தியேட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், தெரிந்ததைத்தானே சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் ஒன்றும் அதிசயமாகத் தெரியாது.

வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காரருக்கென்று கட்டினது. பிறகு கைமாறி, சண்டைக் காலத்தில் பூட்டிக் கிடந்து, நெல் மூட்டை அடுக்கிற இடமாயிருந்து, இப்போது ஊர்ச் சங்கம் ஒன்று நடத்துகிறது. முன் போர்ட்டிக்கோவில், கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு நிழலுக்குப் படுத்திருந்தன. சனம் அவற்றைச் சுற்றி நடந்து உள்ளே போனது. ஆரணி மட்டும் நின்று படம் எடுத்தாள். "பிள்ளை டூரிஸ்டோ?" என்று வாசலில் நின்ற மனிதர் கேட்டார். "ஓம், நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.

அவர்தான் பாறூக் நானா, சங்கத்தின் செயலாளர். கிண்ணியாக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். திரையில் இரண்டு இடத்தில் கிழிந்ததைச் சல்லிக் கிராமத்தில் இருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் தைத்துக் கொடுத்தாராம். தையல் எங்கே என்று தேடினேன், பிடிபடவில்லை. "வெள்ளைச் சேட்டோட ஒராள் இடப்பக்கம் வந்தாத்தான் தெரியும் தங்கச்சி. அதுக்கு முதல்ல தெரியாது" என்றார். கதிரைகளுக்கு மூதூர்ப் பக்கத்து ஆட்கள் பிரம்பு பின்னியிருக்கிறார்கள். பழைய புரொஜெக்டர் இரண்டையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஓடாவிட்டாலும் ஓடுகிறவை போல வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் கூட்டித் துடைப்பது முறை வைத்து. இந்தமுறை ஒரு வங்கி மனேஜரும் ஒரு பாண் பேக்கரிக்காரரும். நான் பேர்கனில் எத்தனையோ அழகான மண்டபம் பார்த்திருக்கிறேன். இதைப் போல ஒன்றையும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது. இதெல்லாம் நடந்தபோது நான் இங்கே இல்லையே என்ற பொறாமை.

ஆனால் என்னை மடக்கியது இதொன்றுமில்லை. பல்கனிக்குக் கீழே, கடைசி மூன்று வரிசை. சுவரில் கையால் எழுதிய பலகை, தமிழிலும் சிங்களத்திலும்:

"இங்கே கதைக்கலாம். படத்தைப் பற்றி மட்டும். வீட்டுக் கதை இடைவேளையில்."

இதுதான் அக்கா போனில் சொல்கிற கதைக்கிற வரிசை. நான் இவ்வளவு காலமும் அது ஏதோ பகிடி என்று நினைத்திருந்தேன்.

பாறூக் நானாவின் உம்மாவுக்குக் காது சரியாகக் கேளாது. பழைய படம் போடத் தொடங்கின நாளில் அவர் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வசனம் முழுவதையும் கத்திச் சொல்லுவாராம். சனம் முறைப்பாடு. சங்கத்தில் கூட்டம். சிலர் உம்மாவைக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். "அப்ப நம்மட ஆக்கள் ஒரு முடிவுக்கு வந்தாங்க. குழப்பம் பண்றவனை வெளியில போடுறதை விட, உள்ளுக்கே ஒரு இடம் குடுப்பம் எண்டு" என்றார். உம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. வரிசை நிலைத்துவிட்டது. இப்போது துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்து வருகிற சிங்களக் குடும்பங்கள் அங்கே இருந்து ஆளையாள் மொழிபெயர்த்துக்கொள்கின்றன. காது கேளாதவர்கள், கண் தெரியாதவர்கள், வாய் சும்மா இராதவர்கள், எல்லோருக்கும் அங்கே இடம். முன்னுக்கு இருக்கிறவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் அங்கே பிறந்திருக்க வேண்டிய ஆள்.

5

வழமையாக அக்காவுக்குப் படத்தைச் சொல்கிறவள் பக்கத்து வீட்டு ஹசீனா. அன்றைக்கு அவள் புல்மோட்டையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தாள். நான் இருக்கிறேன்தானே என்று நினைத்து, அக்காவின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, பக்கத்துக் கதிரையில் நான் இருக்கப் போனேன்.

"நீ அங்கால இரு" என்றாள் அக்கா. "இதில பிள்ளை இருக்கட்டும்."

"ஏன்?"

"உன்னை நம்ப ஏலாது. நீ உன்ர கட்சியைத்தான் சொல்லுவாய். பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் இல்லை."

ஆரணி என்னைப் பார்த்தாள். முகம் சிவக்கத் தொடங்கிவிட்டது. "பெரியம்மா, என்ட தமிழ்... எனக்குச் சொல் வராது."

"உன்ர தமிழை ஆர் கேட்டது? கண்ணைத்தான் கேட்டனான்" என்றாள் அக்கா.

விளக்கு அணைந்தது. படம் தொடங்கி ஐந்து நிமிடமும் ஆரணியிடம் இருந்து சத்தமில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குத்தான் நாக்கு துருதுருத்தது. பிறகு மெதுவாக ஒரு குரல்.

"ஒரு பொம்பிளை. முத்தத்தில இருக்கிறா. அரிசியை மேல எறியுறா, திரும்பப் பிடிக்கிறா. பிளேட் இல்ல... பாய் மாதிரி ஒண்டு. ஒரு பக்கம் திறந்திருக்கு."

"சுளகு!" பின்னாலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தமிழ்ப் பள்ளியில் நடந்தது திரும்பவும் நடக்கிறது, பிள்ளை இனி எழும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சுளகு" என்று ஆரணி திருப்பிச் சொன்னாள். "சரி. சுளகு. சுளகால காத்து வருது, அவட தலைமயிர் ஆடுது. அவ சிரிக்கேல்ல."

அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "ஹசீனா இதொண்டும் சொல்ல மாட்டாள்" என்றாள் மெல்ல. "அவளுக்குச் சுளகு தெரியும். அதால பாக்கமாட்டாள். அரிசி புடைக்கிறாள், அவ்வளவுதான். நீ சொல்லு மோனை. தலைமயிர் எந்தப் பக்கம் ஆடுது?"

அதற்குப் பிறகு அவளை நிற்பாட்ட முடியவில்லை. சொல் இல்லாத இடத்தில் ஆரணி கண்டதையே சொன்னாள். வள்ளத்துக்கு "சின்னக் கப்பல்" என்றாள், வரிசை திருத்தியது. கதாநாயகியின் அண்ணனைப் பற்றி, "அவர் சிரிக்கிறார், கண் மட்டும் சிரிக்கேல்ல" என்றாள், அதை ஒருவரும் திருத்தவில்லை. பக்கத்தில் இருந்த சிங்களத் தாயொருத்தி தன் புருஷனிடம் அதைச் சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. என்னுடைய மகளின் ஓட்டைத் தமிழ், மொழிபெயர்க்கிற அளவுக்குப் போய்விட்டது! நான் அழுதேன். ஏன் மறைப்பான்? இருட்டுத்தானே, மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன்.

இடைவேளையில் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். துறைமுகக் காற்று உள்ளே வந்தது. அக்கா கச்சான் கடலை வேண்டும் என்றாள். வாங்கப் போகிற சாட்டில் ஆரணியை வெளியே கூட்டிக்கொண்டு போய், நோர்வேஜிய மொழியில், வேகமாகச் சொன்னேன். கடைசியில் அவள் போய்விட்டால், போனாள் என்று சொல்லாதே. தாயிடம் வந்துவிட்டாள் என்று சொல்லு. பெரியம்மா எத்தனை வருடமாக அதை நம்பிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு இனி எப்படித் தெரியப்போகிறது?

ஆரணி என்னைப் பார்த்தாள். மாசி மாதம் அந்த முன்வரிசை மனிதர் பார்த்தாரே, அதே பார்வை.

உள்ளே வந்ததும் அக்கா கச்சான் இருந்த கடதாசிச் சரையை வாங்கி மடியில் வைத்தாள். "என்ன, வெளியில குசுகுசு? பிள்ளைக்குப் படிப்பிச்சுக் குடுத்தனியோ?"

"இல்லையே" என்றேன். பச்சைப் பொய்.

6

கடைசிக் காட்சி வந்தது எனக்கு உடனே தெரிந்தது. பலகைப் பாலத்தைப் பார்த்ததும் எட்டு வயதில் என்னுடைய காலில் இருந்த செருப்புக்கூட ஞாபகம் வந்தது. ஆனால் அவள் என்ன செய்வாள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஐம்பது வருடம் சண்டை பிடித்த ஆளுக்கு, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் நித்திரைதான் போலிருக்கிறது.

வரிசையில் மற்றவர்களும் கதையை நிற்பாட்டிவிட்டார்கள். அக்காவும் நானும் சண்டை பிடிக்கிற கதையைப் பாறூக் நானா எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

"அவ நடக்கிறா" என்றாள் ஆரணி. "பெட்டி கையில. பலகை ஈரம். அம்மா கூப்பிடுறா, கையை நீட்டி. இவ நடக்கிறா. இன்னும் நடக்கிறா. வள்ளம் கிட்ட வந்திட்டுது."

அக்கா கச்சான் சரையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

"திரும்பினா" என்றாள் ஆரணி.

"பாத்தியே!" அக்கா என் பக்கம் பார்த்துக் கத்தினாள். முன்வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். "நான் சொன்னனானெல்லோ! திரும்பினவள்!"

நான் திரையைப் பார்த்தேன். பொய் இல்லை. அவள் திரும்பித்தான் நின்றாள். பரவாயில்லை, இத்தோடு நிற்பாட்டு பிள்ளை, இதற்கு மேலே ஒன்றும் சொல்லாதே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"பொறுங்க பெரியம்மா" என்றாள் ஆரணி. "திரும்பினா. ஆனா வரேல்ல."

"வரேல்லையோ?"

"வரேல்ல."

"அப்ப போயிட்டாளோ?"

"போகவும் இல்ல. நிக்கிறா."

அக்கா கதிரையில் முன்னுக்குச் சரிந்தாள். பிறகு கேட்டாள். "எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு?"

ஆரணி யோசித்தாள். சரியான சொல்லைத் தேடினாள் என்று நினைக்கிறேன். "எங்கட பக்கம்" என்றாள்.

அவ்வளவுதான் படம். விளக்குப் போட்டார்கள். சனம் கை தட்டியது. நாங்கள் மூன்று பேரும் எழும்பவில்லை. அக்கா வென்றாளா, நான் வென்றேனா என்று எனக்கே விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இவ்வளவு காலமும் நிண்டுகொண்டோ இருந்தவள்" என்றாள் அக்கா. "கால் உளைஞ்சிருக்கும், பாவம்."

சொல்லிவிட்டுத் தடவி என்னுடைய கையைப் பிடித்தாள். நசுங்கின கச்சானை அதில் வைத்தாள். உடைத்துத் தரச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து உடைத்தேன். இல்லை, எனக்குத்தான் தந்தாள்.

7

எனக்கு லீவு பத்து நாள். ஆரணி தன் ரிக்கெற்றை மாற்றிக்கொண்டாள், நான் கேட்காமலே. வைகாசிப் படமும் பார்த்துவிட்டுத்தான் வருவாளாம். ஹசீனா வந்து தன் கதிரையை ஒரு மாதத்துக்குத் தானம் பண்ணிவிட்டாள். "எனக்கும் ஒருக்கா வாயை மூடிப் படம் பாக்கக் கிடைக்குதே" என்றாள்.

போகிற நாள் காலை ஏழு மணிக்கு வான் வந்தது. ஒழுங்கைக்குள் வரமுடியாமல் சந்தியில் நின்றது. பெட்டியைச் சாரதி தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். கேற்றடியில் அக்காவும் ஆரணியும்.

"போட்டு வாறன்" என்றேன்.

"ஓம், திரும்பிப் பா..." அக்கா பாதியில் நிற்பாட்டினாள். பிறகு, "சரி, போட்டு வா" என்றாள்.

நடந்தேன். பத்தடி, பதினைந்தடி. அங்கே நிற்கிறவளுக்குக் கண் தெரியாது. நான் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னே அவளுக்குக் கண் தெரிந்தபோது செய்யாததை இப்போது செய்து யாருக்கு என்ன என்று இன்னொரு யோசனை. கால் தானாக நின்றது. திரும்பினேன்.

ஒழுங்கை சின்ன ஒழுங்கை, காலை நேரம், வாகனமில்லை. ஆரணி அக்காவின் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பெரியம்மா, அம்மா திரும்பினா."

அக்கா முகத்தை என் பக்கம் நிமிர்த்தினாள்.

"வரேல்ல. போகவும் இல்ல. நிக்கிறா. எங்கட பக்கம் பாக்கிறா."

"அழுறாளோ?"

"ஓம்."

"விசரி" என்றாள் அக்கா. "கால் உளையப் போகுது. வானில ஏறச் சொல்லு."